மூன்று மூட்டைத் துணி

ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்தில் அண்ணன் மகள் வீடு மாற்றினாள். சாமான் ஏற்றிய வண்டி புது வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்றது. மூன்று மூட்டைகள் இறங்கின. பழைய பெட்ஷீட்டில் நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்ட மூட்டைகள்.

"எல்லாம் நல்ல துணிதானுங் சித்தப்பா. தூக்கி எறிய மனசு வரல. எங்க கொண்டு போய்க் குடுக்கறதுன்னும் தெரியல. பனியன் கம்பெனியில இருந்தவரு நீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

திருப்பூரில் கட்டிங் மேசைப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவனுக்குத் துணியைப் பற்றித் தெரியும்தான். ஆனால் அது பிறக்கிற துணி. கழிகிற துணிக்கு வழி சொல்வது வேறு வித்தை. இந்த மூன்று மூட்டைகளோடு அலைந்தபோதுதான் அதைக் கற்றுக்கொண்டேன். உட்காருங்கள், டீ வரட்டும். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. மூட்டையை அவிழ்க்காமலேயே காரில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். அங்கே இருந்த பொறுப்பாளர் அம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஓர் அறையைத் திறந்து காட்டினார். தரையிலிருந்து ஜன்னல் மட்டத்துக்குத் துணி. "எங்க பசங்க முப்பத்தஞ்சு பேருங்க. போன தீபாவளிக்கு வந்ததே இன்னும் பிரிக்காம கெடக்குது. பெரிய ஆளுங்க பேன்ட்டு, கல்யாணக் கோட்டு, ஜோடி இல்லாத சாக்ஸ். பிரிக்க ஆளு வேணும், வெக்க எடம் வேணும். வேண்டாம்னு சொன்னா வந்தவங்க மனசு சங்கடப்படும், அதான் வாங்கி வெச்சுக்கறோம்." அப்படியென்றால் என்ன வேண்டும் என்று கேட்டோம். புது ஜட்டி, புது உள்ளாடை, துண்டு, பெட்ஷீட் என்றார். எங்களிடம் இருந்த பெட்ஷீட், மூட்டையைக் கட்டியிருந்தது மட்டும்தான்.

கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டுவந்தோம். வருகிற வழியில் அவள் பேசவில்லை. கொடுக்கப் போன இடத்தில் நம் துணி தேவையில்லை என்று தெரிந்தால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

அந்த அறையை ஒரு கடற்கரை நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் அதுதான் நடந்தது. நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகத் துணி வந்தது. வீட்டையும் பிள்ளையையும் பறிகொடுத்து நிற்பவர்கள் முன்னால், ஊரார் கழித்த துணியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். கடலில் உழைத்து, நல்லதை வாங்கி உடுத்திய ஜனம் அது. பெரும்பாலான துணியை யாரும் தொடவில்லை. அது வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்கியது. பிறகு அதைப் பொறுக்கி எடுத்துப் பிரிப்பதே தனி நிவாரண வேலை ஆகிவிட்டது. அந்த வேலையில் இறங்கியவர்கள் டில்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்பினர்.

கூஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மூட்டைக்குக் கிடைத்த முதல் உருப்படியான வழி அதுதான். அன்ஷு குப்தா என்பவர் 1999-ல் தொடங்கியது. தானும் மனைவியும் அலமாரியிலிருந்து எடுத்த 67 உருப்படிகளோடு ஆரம்பித்தார் என்பார்கள். அதற்கு முன்பு அவர் பத்திரிகை வேலையில் இருந்தபோது, டில்லியில் அநாதைப் பிணங்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போகும் ஒருவரோடு சுற்றியிருக்கிறார். குளிர்காலம் வந்தால் அந்த மனிதருக்கு வேலை கூடுமாம். குளிர் எல்லாருக்கும்தான் அடிக்கிறது. போர்த்திக்கொள்ளத் துணி இல்லாதவன்தான் சாகிறான் என்பது அங்கே அவருக்குப் புரிந்தது. சோறு, வீடு பற்றிப் பேசுகிற அளவுக்கு யாரும் துணியைப் பற்றிப் பேசுவதில்லை என்ற ஆதங்கத்தில் பிறந்த அமைப்பு. 2015-ல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கொடுத்தார்கள்.

எனக்கு அவர்களிடம் பிடித்தது விருது அல்ல. அவர்கள் துணியைத் தானமாகக் கொடுப்பதில்லை. கிராமத்தில் ஜனங்களே கூடி ஒரு கிணற்றைத் தூர் வாருவார்கள், ஒரு பாலம் கட்டுவார்கள், பாதை போடுவார்கள்; அந்த உழைப்புக்குப் பரிசாகத் துணி. வாங்குகிறவன் தலை குனிய வேண்டியதில்லை. உடுத்த ஆகாத பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, வெட்டி, மாதவிடாய்க்கான துணிப் பட்டைகளாக்குகிறார்கள். அதுவும் ஆகாததை மெத்தையாகவும் பையாகவும் தைக்கிறார்கள். சென்னையிலும் அவர்களுக்கு இடம் இருக்கிறது. மற்ற ஊர்களில் அவ்வப்போது முகாம் போட்டு வாங்குவார்கள். போவதற்கு முன்பு ஒரு போன் போட்டு, இப்போது எது தேவை என்று கேட்டுவிடுங்கள். துணியைப் பிரிக்க, ஏற்ற, இறக்கக் காசு செலவாகிறது. முடிந்தால் துணியோடு நூறோ இருநூறோ சேர்த்துக் கொடுங்கள். பாத்திரத்தோடு அரிசியும் கொடுப்பதுபோல.

அண்ணன் மகள் கேட்டாள்: "அப்ப மூணு மூட்டையையும் அவங்களுக்கே குடுத்துறலாமுங்களா?"

அங்கேதான் நிற்க வேண்டும். அந்த இல்லத்து அறையை நிரப்பியது துணி அல்ல, பிரிக்காத துணி. பிரிக்கிற வேலை வாங்குகிறவருடையது என்று நினைத்துவிட்டால், நாம் குப்பைக்காரருக்குச் செய்வதைத்தான் இவர்களுக்கும் செய்கிறோம். அதனால் திண்ணையில் பாயை விரித்து, இரண்டாம் டீயோடு மூட்டையை அவிழ்த்தோம்.

அவிழ்த்ததும் ஒன்று புலப்பட்டது. எங்கள் அம்மா காலத்து மூட்டையில் இதெல்லாம் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் மூட்டையே இருந்திருக்காது. ஒரு நூல் சேலையின் ஆயுளை நினைத்துப் பாருங்கள். முதலில் விசேஷத்துக்கு; சாயம் மங்கினால் வீட்டுக்கு; நைந்தால் இரண்டாக மடித்துப் பிள்ளைக்குத் தூளி. பிள்ளை பெற்ற வீட்டில் புதுத் துணியைத் தேடமாட்டார்கள், தாத்தாவின் பழைய வேட்டியைத்தான் தேடுவார்கள். அத்தனை சலவை கண்ட துணிக்குத்தான் அந்த மெதுமை வரும். அதற்கும் பிறகு அடுப்படியில் கரித்துணி, வாசலில் மிதியடி, சாமி விளக்கில் திரி. கடைசியில் எரிந்து சாம்பலாகி அதே சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். படிப்படியாக இறங்குவதற்கு அந்தத் துணிக்கு ஒரு ஏணி இருந்தது. யாரும் அதை மறுசுழற்சி என்று சொல்லவில்லை. அந்தப் பெருமையும் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வறுமையும் அதில் பாதி.

அந்த ஏணியை உடைத்தது பாலியஸ்டர். இன்று உலகத்தில் தயாராகும் இழையில் பாதிக்கு மேல் அதுதான். அது தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே கரித்துணி ஆகாது. மிதியடியாகப் போட்டால் வழுக்கும். திரியாகத் திரித்தால் உருகிச் சொட்டும். பச்சைக் குழந்தைக்குப் போட்டால் புழுங்கும். மண்ணில் புதைத்தாலும் மக்காது. உடுத்துவதற்கு உழைக்கும், சலவைக்கு உழைக்கும். ஆனால் சட்டை என்ற ஒரு பிறவிதான் அதற்கு. அடுத்த பிறவி இல்லை.

ஆகவே முதல் பிரிப்பு: இது பருத்தியா, இல்லையா? லேபிள் இருந்தால் படியுங்கள். லேபிள் உரிந்துபோயிருந்தால் துணியிலிருந்தே ஒரு நூலை உருவி (தையல் நூலை அல்ல, அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும்) தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பெரும்பாலும் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. சுருங்கி, உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தால் கலப்பு. கம்பெனியில் வாங்குகிறவர் முன்னால் மாஸ்டர் செய்து காட்டுகிற வித்தைதான் இது. அண்ணன் மகள் பத்து நூலுக்கு மேல் எரித்துப் பார்த்தாள். நூறு சதவீதம் காட்டன் என்று அவள் நம்பி வாங்கிய இரண்டு குர்த்தாக்கள் மணி மணியாக உருகின. கடைக்காரரை ஏசினாள். அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.

"பாட்டில்ல இருந்தே பனியன் செய்யறாங்களே சித்தப்பா, பழைய சட்டையில இருந்து புதுச் சட்டை செய்ய முடியாதா?"

நல்ல கேள்வி. பாட்டில் என்பது ஒரே பொருள், சாயம் இல்லாதது, கழுவி உருக்கி இழையாக இழுத்துவிடலாம். ஒரு சட்டையைப் பாருங்கள். உடம்பு பருத்தியும் பாலியஸ்டரும் கலந்தது, தையல் நூல் ஒன்று, பொத்தான் ஒன்று, காலருக்குள் வைக்கும் ஒட்டுத்துணி ஒன்று, சாயம் ஒன்று. இறுக்கிப் பிடிக்கிற துணி என்றால் உள்ளே லைக்ரா. இத்தனையையும் பிரித்தெடுப்பதற்கு ஆகிற செலவில் புது நூலே வாங்கிவிடலாம். எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் வெளியிட்ட கணக்கில், உடைகளுக்காகப் பயன்படும் பொருளில் மறுபடியும் உடையாகவே திரும்புவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடை வாசலில் "உங்கள் பழைய உடை புது உடையாகும்" என்று எழுதிப் பெட்டி வைத்திருந்தால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச் அண்ட் எம் 2013 முதல் தன் கடைகளில் எந்த நிறுவனத்துத் துணியையும் வாங்கிக்கொள்கிறது; கிழிந்ததையும் போடலாம் என்பது அதில் ஒரு வசதி. கூடவே கைக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு வரும். ஒரு பை துணியைக் கழித்துவிட்டு இன்னொரு பை துணியோடு வெளியே வரவைப்பதுதான் அந்தச் சீட்டின் வேலை. பெட்டியில் போடுங்கள், சீட்டை மறந்துவிடுங்கள்.

மறுசுழற்சி நடக்கவே இல்லையா என்றால், நடக்கிறது. எங்கள் ஊரிலேயே நடக்கிறது, அதுவும் பல பத்தாண்டுகளாக. பனியன் வெட்டும்போது கையும் கழுத்தும் போக மிஞ்சுகிற துண்டுகளுக்குக் கட்டிங் வேஸ்ட் என்று பெயர். இது குப்பை அல்ல, கிலோ கணக்கில் விலை பேசி விற்கும் சரக்கு. வியாபாரி அதை எடுத்துப் போய் நிறம் வாரியாகப் பிரிப்பார். வெள்ளை தனி, கறுப்பு தனி, நீலம் தனி. பிரிக்க உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கண்ணும் விரலும்தான் அங்கே எந்திரம். பிறகு முள் உருளைகளில் கிழித்துப் பஞ்சாக்குவார்கள். நிறம் ஏற்கெனவே இருப்பதால் சாயப்பட்டறைக்கே போக வேண்டியதில்லை. சாயக் கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கிழிபட்ட இழை குட்டையாகிவிடுகிறது, ஆகவே மெல்லிய நூல் வராது. கோவை, திருப்பூர் பக்கத்து ஓப்பன் எண்ட் மில்களில் தடித்த நூலாக நூற்கிறார்கள். கை உறை, தரை துடைக்கும் மாப்பு, பெட்ஷீட் என்று அது போகிறது.

ஆனால் கவனியுங்கள், இது கம்பெனி வேஸ்ட். சுத்தமானது, உடம்பு படாதது, என்ன இழை என்று தெரிந்தது, ஒரே இடத்தில் டன் கணக்கில் கிடைப்பது. உங்கள் வீட்டு மூட்டையில் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத நாற்பது துணி இருக்கும். இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 78 லட்சம் டன் துணிக் கழிவு சேர்கிறது என்று ஃபேஷன் ஃபார் குட் அமைப்பின் 2022 அறிக்கை சொல்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் வீடுகளிலிருந்து வருவது. கம்பெனிக் கழிவுக்கு வாசலில் வண்டி நிற்கிறது. வீட்டுக் கழிவுக்கு நாம்தான் வாசல் தேட வேண்டும்.

வீட்டில் கழிந்த துணியையும் கிழித்து நூலாக்கும் ஊர் ஒன்று உண்டு: ஹரியானாவின் பானிப்பட். நமக்கு அது சரித்திரப் பாடத்தில் மூன்று போர்களாகத் தெரியும். துணிக்காரர்களுக்கு அது கந்தல் தலைநகரம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்த கம்பளிக் கோட்டுகள் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக வருகின்றன. அப்படியே எடுத்து உடுத்தி நம் ஜவுளி வியாபாரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கம்பளிக் கந்தலைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டித்தான் நாட்டுக்குள் விட வேண்டும் என்பது சட்டம். பொத்தான், ஜிப் எல்லாம் அறுத்து, நிறம் பிரித்து, கிழித்து, ஷாடி என்ற நூலாக்குவார்கள். இந்த வித்தையை 1813 வாக்கில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் கண்டுபிடித்தார். பானிப்பட்டில் அந்த நூலில் நெய்த கம்பளிகள்தான் உலகமெங்கும் பூகம்பம், போர் என்றால் நிவாரணப் பொருளாகப் போயின. இப்போது பாலியஸ்டர் ஃபிளீஸ் போர்வை மலிவாக வந்து அந்தத் தொழிலின் இடுப்பையும் ஒடித்திருக்கிறது. அங்கேயும் அதே வில்லன்தான்.

டீ ஆறிவிட்டது, ஊருக்குத் திரும்புவோம்.

மூட்டையில் நல்ல நிலையில் இருந்த சுடிதார், சட்டை, குழந்தைகள் உடை ஒரு மூட்டைக்குக் குறையாமல் தேறியது. துவைத்து, வெயிலில் காயவைத்து, பொத்தான் போனதற்குப் பொத்தான் வைத்து, மடித்து, பையின் மேல் "பெண் குழந்தை, 5 முதல் 8 வயது" என்று எழுதி ஒட்டினாள். பாக்கெட்டைப் பார்க்கச் சொன்னேன். ஐந்நூறு ரூபாயும், ஒரு டாக்டர் சீட்டும், வீட்டுக்காரர் போன வருடம் முழுக்கத் தேடிய லாக்கர் சாவியும் கிடைத்தன. இதுபோலப் பிரித்து, எழுதி எடுத்துப் போனால் எந்த அமைப்பும் முகம் சுளிக்காது. ஒன்று மட்டும் கறாராகச் சொன்னேன்: உள்ளாடை கொடுப்பதானால் புதிதாக வாங்கிக் கொடு, இல்லாவிட்டால் கொடுக்காதே. காவலர் சீருடை, ராணுவ உடை மாதிரி இருப்பதையும் இப்படி வெளியே விடக் கூடாது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம். ஆனால் "இந்தா எடுத்துக்கோ" என்று மூட்டையாகக் கையில் திணிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழியே இல்லாமல் போகும். பாயில் பரப்பி, "அக்கா, இதில் உங்களுக்கு உபயோகப்படுவது ஏதாவது இருக்குமா பாருங்கள்" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். எங்கள் வீட்டு அக்கா மூன்று உருப்படி எடுத்துக்கொண்டார். மீதியைப் பார்த்து, "இந்த மாதிரி டிசைன் எங்க புள்ள போடாதுங்க" என்று சிரித்தார். மற்றவர் கழித்ததை வாங்குகிறவருக்கும் ருசி என்று ஒன்று இருக்கிறது.

திருநெல்வேலியில் ஆட்சியர் ஒருவர் அன்புச் சுவர் அமைத்தது செய்தியாயிற்று. வேண்டாததை வைத்துவிட்டுப் போ, வேண்டியதை எடுத்துக்கொண்டு போ என்பது ஏற்பாடு. ஈரானின் மஷாத் நகரத்தில் 2015 குளிர்காலத்தில் இப்படி ஒரு சுவரில் கோட்டுகளை மாட்டத் தொடங்கியதுதான் பல நாடுகளுக்குப் பரவியது. கொடுப்பவர் முகம் பார்க்க வேண்டாம், வாங்குபவர் கூச வேண்டாம், யோசனை அருமை. ஆனால் யாராவது தினமும் பார்த்து ஒழுங்குபடுத்தாத சுவர் இரண்டே மழையில் குப்பைமேடாகிவிடும். உங்கள் ஊரில் இருந்தால், வைக்கும் முன் ஒரு நாள் போய் வெறுமனே பார்த்துவிட்டு வாருங்கள்.

பாத்திரக்காரரை மறந்துவிட்டோம். தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டு போவாரே, அவர்தான் நம் நாட்டின் மிகப் பழைய துணி வசூல் ஏற்பாடு. ஐந்து பேன்ட்டுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் என்று எங்கள் அம்மா அரை மணி நேரம் பேரம் பேசுவார். வட நாட்டில் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகப் பெண்கள் பல தலைமுறையாக இதைச் செய்கிறார்கள். டில்லியின் ரகுபீர் நகரில் விடிகாலையில் கூடும் சந்தையில் அந்தத் துணிகள் கைமாறும். லூசி நாரிஸ் என்ற மானிடவியலாளர் அந்தப் பெண்கள் பின்னாலேயே திரிந்து 2010-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வாங்கிய துணியைத் துவைத்து, தைத்து, இஸ்திரி போட்டு, கட்டுப்படியாகிற விலைக்கு இன்னொருவருக்கு விற்பார்கள். காசு கொடுத்து வாங்கியவர் அதைத் தன் துணியாகவே உடுத்துவார். சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்தக் கடைசிக் கண்ணியைப் பார்க்கலாம். தர்மத்துக்குக் கொடுத்தால்தான் புண்ணியம், பாத்திரத்துக்குப் போட்டால் அல்பம் என்று நினைக்காதீர்கள். துணி உண்மையிலேயே ஓர் உடம்புக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்த்தால், இவரைவிட நம்பகமான ஆள் குறைவு.

பட்டுப் புடவைக்குத் தனி வழி. "பழைய பட்டுப் புடவை வாங்குறது" என்று வருகிறவருக்குப் புடவை வேண்டாம், சரிகைதான் வேண்டும். அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. அதை எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள். சரிகை இழை ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் பெரும்பாலும் அசல். போலிச் சரிகையில் செம்பும் பாலியஸ்டரும் இருக்கும், அதற்கு விலை கிடையாது. எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். மூட்டையில் அண்ணியின் பழைய அரக்குப் பட்டு ஒன்று வந்திருந்தது. அதை விற்க விடவில்லை. பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறோம்.

இனி கந்தல். பருத்திக் கந்தலுக்குக் கிராக்கி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மெக்கானிக் ஷெட், லேத் பட்டறை, அச்சகம் எல்லாம் எண்ணெய் துடைக்க வேஸ்ட் துணியைக் காசு கொடுத்து வாங்குகின்றன. பழைய பனியன், லுங்கி, துண்டு இவற்றை முழ நீளத்துக்குக் கிழித்து, பொத்தானையும் ஜிப்பையும் எடுத்துவிட்டு உங்கள் வண்டியைச் சர்வீஸ் செய்கிற பையனிடம் கொடுங்கள். சலாம் போடுவான். பாலியஸ்டரைக் கொடுத்தால் திட்டுவான். பழைய பெட்ஷீட், போர்வை, டவல் எல்லாம் விலங்குக் காப்பகங்களுக்கு எப்போதும் தேவை. சென்னை வேளச்சேரியில் இருக்கும் ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் அடிபட்ட நாய்க்கும் பூனைக்கும் விரிக்க அவை வேண்டியிருக்கும். மூட்டை கட்டி வந்த மூன்று பெட்ஷீட்டும் அப்படி ஒரு காப்பகத்துக்குப் போயின. நாய்கள் சாயம் போனதா என்று பார்ப்பதில்லை.

ஒரு வழியை மட்டும் அடைத்துவிடுங்கள்: போகி. அம்மா காலத்தில் எரிந்தது பாயும் நூல் கந்தலும். இப்போது எரிவது பிளாஸ்டிக் இழை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகையால் விமானங்கள் இறங்க முடியாமல் தடுமாறின. அன்றைக்குக் காலையில் பிறந்த குழந்தையும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தது. எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று சில வருடங்களாகச் சென்னை மாநகராட்சியே போகிக்கு முன்னால் பழைய துணி, டயரை வாங்கிக்கொள்கிறது.

தூர தேசத்துக்கு ஏற்றுமதி செய்துவிடலாமே என்று அண்ணன் மகளின் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். பணக்கார நாடுகள் அதைத்தான் செய்தன. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் காண்டமாண்டோ என்று ஒரு சந்தை. வெள்ளைக்காரர் கழித்த துணி வாரா வாரம் பொதி பொதியாக வந்து இறங்கும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்குச் "செத்த வெள்ளைக்காரன் துணி" என்று அர்த்தம். இத்தனை துணியை உயிரோடு இருப்பவன் கழிப்பான் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. பொதியைப் பிரிக்காமல் வாங்கும் வியாபாரி, உள்ளே கந்தல் இருந்தால் நஷ்டப்படுவான். அந்தக் கந்தல் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போகும். 2025 ஜனவரியில் அந்தச் சந்தை தீப்பிடித்து எரிந்தது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் துணி மலையாகக் கிடக்கும் படத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரிக்காத மூட்டை எத்தனை மைல் போனாலும் பிரிக்காத மூட்டைதான்.

எங்கள் கணக்கைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று மூட்டைகளைப் பிரித்துக் கரையேற்ற பதினோரு நாள் ஆயிற்று. ஒரு மூட்டை உடுத்தப் போனது, அரை மூட்டைக்குப் பாத்திரக்காரர் ஒரு வடிதட்டு கொடுத்தார், ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவாகப் பட்டறைக்குப் போனது. அண்ணன் மகள் இப்போது கடையில் துணியைத் தொட்டதும் லேபிளைத் திருப்பிப் படிக்கிறாள். கூட வருபவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. மிஞ்சிய ஒரு பை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பதினேழு லெக்கிங்ஸ், நாலு ஸ்போர்ட்ஸ் பேன்ட், எல்லாம் பாலியஸ்டரும் லைக்ராவும், முழங்காலில் வெளுத்தவை. கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்துவிட்டார்கள். அடுத்த தடவை கோவைக்குப் போகும்போது கடைப் பெட்டி ஒன்றில் போடலாம் என்று வைத்திருக்கிறேன். அதற்குள் உங்களில் யாருக்காவது வேறு உபயோகம் தெரிந்தால் எழுதுங்கள். வந்து எடுத்துக்கொள்வதானால் டீ என் செலவு.